நாலாவது டிரையல்

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. அம்மா வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. காட்பாடியில் காலை பாசஞ்சரைப் பிடித்தால் ஷிப்ட் மணிக்கு முன்பே கேட்டுக்குள் போய்விடலாம். சாயங்காலமும் அதே மாதிரி பாசஞ்சரில் திரும்பி வருவேன். அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தையும் சேர்த்தே இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வேலை பினிஷிங் பிரிவின் ரெசிபிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது. பதனிட்ட தோலுக்கு மேல் அடிக்கும் சாயத்தில் எந்த நிறம் எத்தனை பங்கு, எத்தனை தண்ணீர், என்ன மெருகு என்கிற கணக்கைத்தான் ரெசிபி என்பார்கள். புதிதாக ஒரு நிறம் கேட்டால் முதலில் ஒரு கலவை போட்டுத் துண்டுத் தோலில் அடித்துப் பார்ப்பார்கள். அது ஒன்றாவது டிரையல். வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காவிட்டால் இரண்டாவது, மூன்றாவது. எது ஓகே ஆகிறதோ அதை வைத்து மொத்தத் தோலுக்கும் அடிப்பார்கள். ஒவ்வொரு டிரையலின் துண்டையும் ஓர் அட்டையில் பின் அடித்து, எண் போட்டு, என் அறையிலிருந்த இரும்பு அலமாரியில் வைப்பேன்.

கலவை போடுகிறவர் ஒரு பாய். நாற்பதைத் தாண்டியிருப்பார். மேனேஜரிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் பாய்தான். நிறம் பார்க்க அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்பார்கள். துண்டைக் கையில் வாங்கியதும் பார்த்துவிட மாட்டார். முதலில் வெள்ளைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு வடக்கு ஜன்னலுக்குப் போய், வெயில் விழாத வெளிச்சத்தில் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடிப்பார். நான் சேர்ந்த முதல் வாரத்தில் என் துப்பட்டாவைப் பார்த்து, “இது ரெண்டு தண்ணி கண்டா போய்டும்மா, தனியா துவை” என்றார். நான் கேட்கவில்லை. அம்மாவின் வெள்ளை யூனிபார்ம் முழுக்க ரோஸ் நிறம் ஏறிவிட்டது.

கம்ப்யூட்டரில் நான் ஃபோல்டர்களை அழகாக அடுக்கியிருந்தேன். வாங்குகிற கம்பெனிக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வருஷத்துக்கு ஒன்று, அதற்குள் தோலின் வகை, அதற்குள் நிறம், அதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று டிரையல்கள். யார் எது கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவேன். மேனேஜர் வெளியாட்கள் வரும்போது என்னைக் கூப்பிட்டு அதைத் திறந்து காட்டச் சொல்வார்.

புது நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருஷத்தில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இன்டர்நெட்டில் ஓர் இடம் வாங்கியிருக்கிறோம், எல்லா ரெசிபிகளையும் அதில் போட்டுவிட வேண்டும், இனி சென்னையிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் ஒரே ஃபைலைத் திறக்கலாம் என்றார்கள். இன்றைக்கு இது சின்னப் பிள்ளைகூடச் செய்கிற வேலை. அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரே டெலிபோன் லைன், ஃபேக்ஸுக்கும் அதுதான். பாதி ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது ஃபேக்ஸ் வந்தால் இணைப்பு அறுந்துவிடும்.

அது மட்டும் இல்லை. நான் ரெசிபி போட்டிருந்த பழைய புரோகிராமின் ஃபைல்கள் சென்னைக் கம்ப்யூட்டர்களில் திறக்கவில்லை. திறந்தாலும் பத்திகள் இடம் மாறிக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிகிறது என்றார்கள். அதனால் ஒவ்வொன்றையும் புது வடிவத்தில் மாற்றிச் சேமித்த பிறகுதான் ஏற்ற வேண்டும். அடுத்தது, அந்த இன்டர்நெட் இடத்தில் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் வரைதான் போட முடிந்தது. மூன்றாவதாக ஒன்று போட்டால் ஏற்காது. என்னுடையது ஐந்து அடுக்கு.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உள் அடுக்குகளின் பெயர்களையெல்லாம் ஃபைலின் பெயரிலேயே வரிசையாகச் சேர்த்துவிட்டேன். வருஷம், தோல், நிறம், கடைசியில் டிரையல் எண். பெயர் ஆள் நீளத்துக்கு இருந்தது. அந்த இடம் நீளமான பெயரை ஏற்காது, ஓர் அளவுக்கு மேல் வாலை வெட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாது. வால் போனால் நாலு டிரையலுக்கும் ஒரே பெயர். ஒரே பெயரில் இன்னொன்று வந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியது உட்கார்ந்துகொள்ளும். கேட்கக்கூடச் செய்யாது. புதிய ரெசிபிகள் முதலில் போய்ச் சேரட்டும் என்று நான் பட்டியலின் கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போனேன். நாலாவது டிரையலின் மேல் மூன்றாவது, அதன் மேல் இரண்டாவது, கடைசியாக ஒன்றாவது. ஓகே ஆனவை போய், வேண்டாம் என்று தள்ளியவை மிஞ்சின.

தெரியாது என்று சொன்னேன். பாதிதான் உண்மை. வேலை முடிந்த அன்று எண்ணிப் பார்த்தேன். இங்கே இருந்ததைவிட அங்கே ஃபைல்கள் கம்மியாக இருந்தன. நன்றாகவே கம்மி. கணக்கு அங்கே வேறு மாதிரி காட்டுமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டிருந்தது. சென்னைக்குப் போன் செய்து எல்லாம் ஏற்றியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த மாதம் எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருந்த எல்லாவற்றையும் அழித்து அதைக் கேட்டில் வருகைப் பதிவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு பழுப்பு நிறத்துக்கு மறுபடி ஆர்டர் வந்தது. மேனேஜர் ரெசிபி கேட்டார். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிப் பிரின்ட் எடுத்தேன். தாளின் மூலையில் துண்டின் எண் இருக்கும். அதைப் பார்த்து அலமாரியிலிருந்து அந்த எண் அட்டையை எடுத்தேன். எண் ஒன்று. அது ஒன்றாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை. பாய் வந்து வாங்கிக்கொண்டார். எப்போதும் கேட்பது போல, இதானே என்று கேட்டார். இதான் பாய் என்றேன்.

அவர் தாளில் உள்ளபடி கலந்தார். அடித்த தோலை அட்டைத் துண்டோடு ஜன்னலில் வைத்துப் பார்த்தார். ஒத்துப் போனது. போகாமல் என்ன செய்யும், அந்த ரெசிபிக்கு உரிய துண்டுதானே அது. மொத்தத் தோலும் அடித்து முடித்து ஷூ கம்பெனிக்குப் போனது. அட்டை என்னிடம் திரும்பி வந்தது, அலமாரியில் வைத்தேன். சாயம் பட்டு நனைந்திருந்த தாளை அவர்கள் வழக்கம்போலக் குப்பையில் போட்டார்கள்.

பத்து நாளில் ஷூ கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் கையில் அவர்கள் ஓகே செய்திருந்த துண்டும் நாங்கள் அனுப்பிய தோலும் இருந்தன. இரண்டையும் மேஜையில் வைத்தார். டீ கொண்டுவந்தவருக்கே வித்தியாசம் தெரிந்திருக்கும். எங்களுடையது சிவந்து கிடந்தது. மேனேஜர் பாயைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னிடம் ரெசிபியையும் துண்டையும் கொண்டுவரச் சொன்னார்.

என் அறைக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். மூலையில் ஒன்று என்று இருந்தது. அலமாரியைத் திறந்தேன். அதே பழுப்புக்கு நாலு அட்டைகள் இருந்தன. நாலாவதன் பின்னால் என் கையெழுத்திலேயே ஓகே என்று எழுதியிருந்தது. அப்போதுதான் வெட்டுப்பட்ட பெயர்கள், கம்மியாக இருந்த எண்ணிக்கை எல்லாம் ஒன்றாகப் புரிந்தன.

அம்மா ஓய்வு பெற்றுவிட்டிருந்தார் அப்போது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, மனசில் ஓடியது அது என்பதால் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஏற்ற முன்பு நான் பார்த்து அடித்த, கையால் எழுதிய ரெசிபி நோட்டு கீழ் இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து நாலாவது டிரையலின் கணக்கை அந்த ஃபைலில் ஏற்றினேன். மூலையில் ஒன்றை அழித்து நாலு போட்டேன். பிரின்ட் எடுத்தேன். ஒன்றாம் எண் அட்டையை நோட்டுக்குள் செருகி இழுப்பறையைப் பூட்டினேன். நாலாம் எண் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியில் நின்று இரண்டிலும் நாலுதானா என்று சரிபார்த்தும் கொண்டேன். அது இன்றுவரை எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மேஜையில் தாளையும் அட்டையையும் வைத்தேன். தாள் சரி. அட்டைத் துண்டும் ஷூ கம்பெனிக்காரர் துண்டும் ஒரே நிறம். தோல் மட்டும் வேறு.

மேனேஜர் கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். “பாய், இதோட வச்சுப் பாத்துட்டா ஓகே சொன்னீங்க?”

பாய் அட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். சுவரைப் பார்த்தார். பிறகு துண்டையும் தோலையும் சேர்த்துப் பிடித்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் பழுப்புச் சாயம் இருந்தது.

“அன்னைக்கு ஒத்து இருந்துச்சு சார்” என்றார். “இப்ப இல்ல.”

கண்ணை ஒருமுறை காட்டிவிடுங்கள் பாய் என்று மேனேஜர் சொன்னார். அதற்கு மேல் திட்டவில்லை. கலவையிலும் எடை தப்பியிருக்கும், பார்வையிலும் தப்பியிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் பாய் என் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரமாட்டார், வாசலிலேயே நின்று பேசுவார். அட்டையைக் கொஞ்சம் கொடு என்று கேட்டார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு நீ குடுத்த துண்டு இதானேம்மா?”

அவர் குரலில் சந்தேகம் இல்லை. என்னைச் சோதிக்கவும் இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்பது போலக் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

“இதுதான் பாய்” என்றேன்.

தலையை ஆட்டி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரமே தன்னை நிறம் பார்க்கும் வேலையிலிருந்து மாற்றிவிடச் சொல்லி அவரே மேனேஜரிடம் கேட்டுக்கொண்டார். பஃபிங் பிரிவுக்குப் போனார். தோலை மிஷினில் தேய்த்து வழவழப்பாக்கும் இடம் அது. வேலை முடிந்து வருகிறவர்களின் புருவம் வரை தோல் தூசு படிந்திருக்கும். அங்கே நிறம் பார்க்கத் தேவையில்லை. சில மாதத்தில் வேறு டேனரிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் என்ன செய்தேன் என்றால், நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்து அழிந்துபோன ரெசிபிகளை எல்லாம் மறுபடி ஏற்றினேன். பெயரைச் சுருக்கி, டிரையல் எண்ணை முதலில் போட்டேன். சென்னைக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மற்ற கிளைகளும் இதே மாதிரி பெயர் வைக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பினார்கள். மேனேஜர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பஃபிங் பிரிவுக்குப் போகிற வழியில்தான் அந்தப் பலகை இருந்தது. பாய் அப்போது இன்னும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். தினமும் அதைத் தாண்டித்தான் போயிருப்பார்.

சர்ச்சில் திருவிருந்து ஞாயிறுகளில், மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அப்பமும் ரசமும் வாங்கக் கூடாது என்பதால், நான் எழுந்து போகாமல் இருக்கையிலேயே இருந்தேன். அம்மா கேட்டபோது தலைவலி என்றேன். மூன்று நாலு மாதம் அப்படி இருந்தேன். பிறகு ஒரு ஞாயிறு எழுந்து போய்விட்டேன். பழகிவிட்டது.

கல்யாணம் ஆனதும் வேலையை விட்டேன். வரும்போது இழுப்பறையைக் காலி செய்து சாமான்களோடு ஒன்றாம் எண் அட்டையையும் எடுத்துவந்தேன். அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் வருஷங்கள் போயின. அம்மாவுக்குக் கண்ணில் புரை வந்து வேலூரில் கண் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதிர் வரிசையில் பாய் இருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. இருமிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் அடையாளம் கண்டு எழுந்து வந்தார். எதிர் வரிசையிலிருந்த தன் மனைவியிடம் திரும்பி, ஆம்பூரில் கம்ப்யூட்டர் பார்த்த பொண்ணு, ரொம்பக் கெட்டிக்காரி என்று சொன்னார்.

இப்போது பாயின் மாமியார் ஊரான காவேரிப்பாக்கத்தில் இருக்கிறார்களாம். ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் பஃபிங் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருகிறார். கண்ணுக்கு என்ன பாய் என்று கேட்டேன். அவர் மனைவி மடியிலிருந்த பிளாஸ்டிக் உறையைத் தட்டிக் காட்டினார். உள்ளே கட்டாகச் சீட்டுகள். வருஷா வருஷம் வந்து காட்டுகிறாராம்.

“எட்டு வருஷமா நார்மல்னுதான் எழுதித் தர்றாங்க” என்றார் பாய். “நிறம் எல்லாம் சரியா தெரியுதுன்றாங்க. அப்ப அன்னைக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல.”

அவர் மனைவி இடையில் புகுந்து, வீட்டில் ஒரு துணி எடுக்கக்கூட இவர் வரமாட்டார், நீங்களே பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பாயும் சிரித்தார். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதற்கு நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், திரும்பும்போது வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

ஒரு பொய் சொன்னேன், அவர் வேலை போனது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் தன் கண்ணையே நம்பாமல் எட்டு வருஷம் இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு காவேரிப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஏரிக்கரைப் பக்கம், மசூதியைக் கேட்டு, பிறகு பஃபிங் பாய் வீடு என்று கேட்டேன். அப்படித்தான் அவரை அங்கே சொன்னார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்து, அட்டையை எடுத்து நீட்டினேன்.

பாய் அதை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.

“இதோடதான் பாத்தேன்” என்றார். “இது எங்க இருந்துச்சு?”

அதன் பிறகு சொன்னேன். பெயர்கள் வெட்டுப்பட்டது, எண்ணிக்கை கம்மியாக இருந்தது எனக்குத் தெரிந்தது, அட்டையை மாற்றி வைத்தது, மறுநாள் வாசலில் அவர் கேட்டபோது பொய் சொன்னது, எல்லாவற்றையும். கம்ப்யூட்டர் விஷயம் அவருக்குப் புரியாதோ என்று சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ரெசிபியில் சிவப்பு எத்தனை பங்கு இருந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மனசுக்குள் கணக்குப் போட்டார்.

“அப்ப நான் கலந்தது சரி” என்றார். “பாத்ததும் சரி.”

அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே டீ கொதிக்கிற வாசனை வந்தது. அந்த டீ எனக்கு வரவில்லை. அவர் உருதுவில் பாயிடம் ஏதோ சொன்னார். பாய் என் பக்கம் திரும்பி, எனக்குச் சொன்னால் போதாதும்மா, அந்த மேனேஜர்கிட்ட சொல்லு, அவர் எதிரிலதான் நான் நின்னேன் என்றார்.

போய்ச் சொன்னேன். மேனேஜர் ஓய்வு பெற்று அரக்கோணத்தில் மகன் வீட்டில் இருந்தார். அன்பாக வரவேற்றார். நான் பெயர் வைத்த முறையை ரொம்ப நாள் பின்பற்றியதாகச் சொன்னார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் யோசித்துப் பார்த்தார். எந்தப் பழுப்பு என்று கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை. அந்த மாதிரி எத்தனையோ தோல் திரும்பி வந்திருக்கும், பாயை யாரும் போகச் சொல்லவில்லையே, அவராகத்தானே மாற்றிக் கேட்டார் என்றார். நல்ல மனுஷன், நான் விசாரித்தேன் என்று அவரிடம் சொல்லு என்றார்.

மறுபடி காவேரிப்பாக்கம் போனேன். பொய் சொல்லாமல் அதை அப்படியே சொன்னேன். மேனேஜருக்கு ஞாபகம் இல்லை என்றதும் பாய் ஏதோ கேட்கப் போய் விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் இருமினார். ராணிப்பேட்டை டேனரியில் நிறம் பார்க்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அங்கே யாரிடமாவது பேசட்டுமா என்று கேட்டேன். இப்போது எல்லாம் மிஷினில் வைத்து நிறம் பார்க்கிறார்கள், தனக்கும் பழக்கம் போய்விட்டது, வேண்டாம் என்றார். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாயிடும், கிளம்பும்மா என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

அவர் மனைவி தெருமுனை வரை என்னோடு வந்தார். வழி அனுப்ப வருகிறார் என்று நினைத்தேன். முனையில் நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். நீ வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் அவரு தூங்கறதில்ல. இனிமே வராத.”

சரிங்க அக்கா என்றேன். அதற்கப்புறம் நான் போகவில்லை.